எண்பதுகளின் ராக் இசை: பத்துக் கேள்விகள், நூறு மதிப்பெண்கள்

ஊரை விட்டு வந்து வெளிமாநிலங்களில் வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களின் கேசட் அலமாரியில் பொதுவாக மூன்று அடுக்குகள் இருந்ததுண்டு. மேல் அடுக்கில் சுப்ரபாதமும் கர்நாடக சங்கீதமும். நடுவில் இளையராஜா. கீழ் அடுக்கில், வீட்டு இளவட்டங்கள் காசு கொடுத்து வாங்கியோ நண்பர்களிடம் இரவல் பெற்றுப் பதிவு செய்தோ சேர்த்து வைத்த ஆங்கில ராக் இசை. எண்பதுகளில் இருபதுகளில் இருந்த நாங்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டோம். இருந்தாலும், நாலு குடும்பங்கள் கூடுகிற இடத்தில் வினாடி வினா என்று ஆரம்பித்தால், அந்தக் கீழ் அடுக்கிலிருந்து ஒரு சுற்றாவது வந்துவிடுகிறது.

கேள்விகள் எப்படி இருக்கின்றன? இந்தப் பாட்டைப் பாடியவர் யார், அந்த ஆல்பம் எந்த வருஷம் வந்தது, இன்ன குழுவின் டிரம்மர் பெயர் என்ன. இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பேரப்பிள்ளைகளின் கைபேசி அரை நொடியில் பதில் சொல்லிவிடும். பெயரும் வருஷமும் தெரிந்தால் இசை தெரிந்ததாகிவிடுமா என்பது என் சந்தேகம்.

நல்ல சோதனை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அந்த ராக் உலகிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வான் ஹேலன் என்ற அமெரிக்கக் குழு, 1982-ம் ஆண்டு சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு ஊரிலும் கச்சேரி ஏற்பாட்டாளர்களோடு மிக நீண்ட ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. அதில் ஒரு ஷரத்து: மேடைக்குப் பின்புற அறையில் எம் அண்ட் எம் என்ற பல வண்ணச் சாக்லேட் மிட்டாய்கள் வைக்கவேண்டும்; அவற்றில் பழுப்பு நிற மிட்டாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பணம் வந்த திமிர் என்று பத்திரிகைகள் சிரித்தன. அதன் பாடகர் டேவிட் லீ ராத் பிற்பாடு தம் சுயசரிதையில் காரணத்தைச் சொன்னார். அந்தக் குழு லாரி லாரியாகக் கொண்டுவந்த கருவிகளின் எடையைத் தாங்கும் தளம், மின்சார இணைப்புகள், வாசல்களின் அளவு எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருந்தன. அறைக்குள் நுழைந்ததும் கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால், ஒப்பந்தத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். உடனே மேடை முழுவதையும் அங்குலம் அங்குலமாகச் சோதிப்பார்களாம். ரயில்வேயில் ஒப்பந்தப் பத்திரங்களோடு காலம் தள்ளிய என் போன்றோருக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வராது, மரியாதைதான் வரும்.

வினாடி வினாக் கேள்வியும் அந்தப் பழுப்பு மிட்டாய் போல இருக்கவேண்டும். சின்னதாக இருக்கலாம். ஆனால் பதில் சொல்பவர் பாட்டை உள்வாங்கிக் கேட்டவரா, மேலோட்டமாகக் கேட்டவரா என்பதைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். அப்படிப் பத்துக் கேள்விகளைக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். பெயர், வருஷம் சொன்னால் 3; காரணத்தையோ பொருளையோ சொன்னால் மீதி 7. விடையை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

முதல் பகுதி: ஓசை பிறந்த விதம்

கேள்வி 1. எம்.டி.வி. தொலைக்காட்சி அமெரிக்காவில் தொடங்கியபோது ஒளிபரப்பிய முதல் பாடல் எது? அதே எம்.டி.வி. ஐரோப்பாவில் தொடங்கியபோது முதல் பாடல் எது? இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை என்ன?

அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷம். பாடல், பகிள்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. ஐரோப்பாவில் 1987 ஆகஸ்ட் 1. பாடல், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மணி ஃபார் நத்திங்'.

ஒற்றுமைதான் சுவாரஸ்யம். வானொலிக் கலைஞனின் பிழைப்பை வீடியோ கெடுத்துவிட்டது என்று வருந்துவது முதல் பாடல். இரண்டாவது பாடலில் பேசுகிறவர் ஒரு வீட்டு உபயோகப் பொருட்கள் கடையின் தொழிலாளி. தாம் குளிர்பதனப் பெட்டிகளைத் தூக்கிச் சுமக்கும்போது, கடையின் தொலைக்காட்சிகளில் ஆடும் ராக் பாடகர்கள் சும்மா சம்பாதிக்கிறார்களே என்று பொருமுகிறார். நியூயார்க் கடை ஒன்றில் ஒரு தொழிலாளி இப்படிப் பேசியதைக் கேட்டுத்தான் மார்க் நாஃப்ளர் இதை எழுதினார். ஆக, எம்.டி.வி. இரண்டு கண்டங்களிலும் தன்னைக் குறை சொல்லும் பாடலை வைத்தே பிள்ளையார் சுழி போட்டது!

இசையைக் காதால் கேட்டது போய்க் கண்ணால் பார்க்கும் காலம் இதோடு பிறந்தது. தலைமுடியும் உடையும் குரலுக்குச் சமமான முக்கியத்துவம் பெற்றன. நம் நாட்டுக்கு எம்.டி.வி. 1991-ல் ஸ்டார் தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது. ஆகவே எண்பதுகளின் ராக் இசையை இந்தியாவில் நாம் பெரும்பாலும் வானொலியிலும் கேசட்டிலும் கேட்டுத்தான் அறிந்தோம். பல கேசட்டுகளில் பாடல் வரிகள் அச்சாகியிருக்காது. மெட்டு மனப்பாடம், பொருள் அரைகுறை. இரண்டாம் பகுதிக் கேள்விகளில் இது நம்மைப் பதம் பார்க்கும்.

கேள்வி 2. ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாடலில் நெடுநேரம் கழித்து இடி போல இறங்குகிற டிரம்ஸ் ஓசை எப்படி உண்டாக்கப்பட்டது?

பாடல் வந்தது 1981 ஜனவரியில். ஓசை பிறந்தது அதற்கு முன்னால், லண்டனின் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்துக்கான பதிவின்போது. டிரம்ஸ் வாசித்தவர் காலின்ஸ். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹியூ பேட்ஜம்.

கூடத்துக்குள் இருக்கும் கலைஞர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் பொறியாளரோடு பேசுவதற்காக உள்ளே ஒரு மைக் இருக்கும். தூரத்தில் முணுமுணுத்தாலும் கேட்கவேண்டும், பக்கத்தில் கத்தினாலும் காதைக் கிழிக்கக்கூடாது என்பதற்காக, மெல்லிய ஒலியைத் தூக்கி உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரெஸர் என்ற சுற்று அதில் உண்டு. அந்த மைக் திறந்திருந்த நேரத்தில் காலின்ஸ் டிரம்ஸை அடிக்க, பிரம்மாண்டமான முழக்கம் ஒன்று கேட்டது. பேசுவதற்கு வைத்த மைக்கையே பதிவுக்கு இணைத்துவிட்டார்கள். அதோடு கேட் என்ற இன்னொரு சுற்றையும் சேர்த்தார்கள்.

கேட் என்பது ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்வரை திறந்திருந்து, கீழே இறங்கியதும் பட்டென்று மூடிக்கொள்ளும் கதவு. பெரிய கூரை போட்ட ரயில் நிலையத்தில் ஒரு இரும்புச் சட்டம் விழுந்தால் 'டணார்' என்ற சத்தம் கூரையில் மோதி மோதி மெல்லத்தான் அடங்கும். அந்த எதிரொலியின் பருமன் வேண்டும், ஆனால் அது மெல்லத் தேய்வது வேண்டாம் என்றால்? பாதியிலேயே கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். இயற்கையில் எங்கேயும் கேட்க முடியாத ஓசை அது. எண்பதுகள் முழுக்க எண்ணற்ற பாடல்களில் அதே பாணி டிரம்ஸ் ஒலித்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட "இது எண்பதுகள்" என்று நமக்குத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சாத்தப்பட்ட கதவு.

ஒரு துணைக்கேள்வி: ஒருவர் நீரில் மூழ்குவதைப் பார்த்த சம்பவத்தைப் பற்றிய பாட்டு இது என்று சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை. மணமுறிவின் வேதனையில் எழுதியது என்று காலின்ஸே சொல்லியிருக்கிறார். கட்டுக்கதையை விடையாகச் சொன்னவர்கள் 3 மதிப்பெண் கழித்துக்கொள்ளவும்.

கேள்வி 3. ஒரு கையை இழந்த பிறகும் அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் யார்? அது எப்படிச் சாத்தியமாயிற்று?

இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்ட் குழுவைச் சேர்ந்த ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தபோது அவருக்கு வயது 21. டிரம்மருக்குக் கை என்றால் பாடகருக்குத் தொண்டை. குழு வேறு ஆளைத் தேடியிருக்கலாம், தேடவில்லை.

அந்த நேரத்தில் மின்னணு டிரம்ஸ் வந்திருந்தது. அதில் தோலும் மரமும் ஒலிப்பதில்லை. தட்டினால் தட்டு ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு கிடைத்ததும் வேறொரு பெட்டி தனக்குள் இருக்கும் டிரம்ஸ் ஓசையை எழுப்பும். அப்படியானால் துடிப்பைக் கைதான் அனுப்பவேண்டும் என்று சட்டமா என்ன? இடது கால் மிதிக்கும் பெடல்களை அமைத்து, இடது கை செய்த வேலையை இடது காலுக்கு மாற்றினார்கள். ஆலன் மாதக்கணக்கில் பழகினார். 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் இசைவிழாவில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார். 1987-ல் வெளிவந்த அந்தக் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மின்னணுக் கருவிகள் வந்து இசையின் உயிரைக் கெடுத்துவிட்டன என்று அந்தக் காலத்தில் ஒரு புகார் பரவலாக இருந்தது. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு இளைஞனுக்கு அவன் இசையைத் திருப்பிக் கொடுத்ததும் அதே மின்னணுதான்.

கேள்வி 4. குயின் குழுவில் இந்தியாவில் பள்ளிப் படிப்புப் படித்தவர் யார்? அந்தக் குழுவின் கித்தார் எந்தக் கம்பெனியின் தயாரிப்பு?

முதல் பாதி பலருக்குத் தெரியும். பாடகர் ஃப்ரெடி மெர்குரி. பார்சி குடும்பத்தில் 1946-ல் சான்சிபாரில் பிறந்தவர்; இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தார். பியானோ கற்றதும் அங்கேதான்.

இரண்டாம் பாதியில் ஒரு பொறி வைத்திருக்கிறேன். அந்தக் கித்தார் எந்தக் கம்பெனியும் செய்ததல்ல. பிரையன் மே பள்ளிப் பையனாக இருந்த 1963-ல் தொடங்கி, அப்பாவும் பிள்ளையுமாக வீட்டிலேயே செய்தது. கடையில் வாங்கக் காசில்லை. கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரம். கம்பிகளின் இழுவிசையைச் சமன் செய்ய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகள். கழுத்தில் பதித்த வெண்புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். எண்பதுகளின் மேடைகளிலெல்லாம் முழங்கியது இந்தக் கித்தார்தான். மே பாதியில் விட்ட விண்வெளி இயற்பியல் ஆராய்ச்சியை மறுபடி தொடர்ந்து 2007-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அதே குழுவின் பேஸ் கித்தார் கலைஞர் ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்துவந்து ஆம்ப்ளிஃபையர் செய்தவர். குயின் குழுவின் ஒலிப்பதிவுகளில் அது பயன்பட்டிருக்கிறது. 1980-ல் உலகெங்கும் ஒலித்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' இவர் எழுதியது. "பாட்டுக் கேட்டது போதும், போய்ப் படி" என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோர் இந்தக் குழுவை உதாரணம் காட்டவும் முடியாது, காட்டாமல் இருக்கவும் முடியாது.

கேள்வி 5. சி.டி.யில் ஒரு நொடி இசை எத்தனை துண்டுகளாக வெட்டப்படுகிறது? சி.டி.யைப் பிரபலமாக்கிய ராக் ஆல்பம் எது?

ஒரு நொடிக்கு 44,100 துண்டுகள், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு துண்டின் உயரமும் 16 இலக்கங்கள் கொண்ட இரும எண்ணாக எழுதப்படுகிறது. ஏன் அந்த எண்ணிக்கை? ஓர் அலையைப் பிசகில்லாமல் திரும்ப உருவாக்க, அது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளவெடுக்கவேண்டும். இளங்காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். இரண்டு மடங்கு 40,000. மேலே கொஞ்சம் இடைவெளி. என் வயதுக்காரர்களுக்கு அதில் பாதிக்குச் சற்று மேலே போதும் என்பது வேறு விஷயம்.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய 12 சென்டிமீட்டர் தட்டு, ஜப்பானில் 1982 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்த ஆல்பங்களில் முதலிடம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985). பதிவு செய்யும்போதே டிஜிட்டல் கருவியில் பதிவானது. சி.டி. வடிவில் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. கேசட்டின் 'உஸ்ஸ்' என்ற இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு, பாட்டுக்கு நடுவே வரும் நிசப்தமே புதுமையாக இருந்தது.

இரண்டாம் பகுதி: சொல்ல வந்த செய்தி

கேள்வி 6. போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) எதைப் பற்றிய பாட்டு?

"காதல் பாட்டு" என்றால் பூஜ்யம். பெயரையும் வருஷத்தையும் நானே கொடுத்துவிட்டதால், இதற்குப் பத்தும் பொருளுக்குத்தான்.

பிரிந்து போன பெண்ணின் ஒவ்வொரு அசைவையும் விடாமல் கண்காணிப்பேன் என்று சொல்லும் ஒருவனின் பாட்டு இது. எழுதிய ஸ்டிங், இது ஆதிக்கமும் வேவு பார்த்தலும் பற்றியது, இனிமையான பாட்டல்ல என்று பல பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். ஆனால் ஆண்டி சம்மர்ஸின் கித்தார் அப்படித் தாலாட்டுகிறது. ஆகவே அமெரிக்கத் தரவரிசையில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த இந்தப் பாட்டைக் கல்யாண விருந்துகளில் ஆசையோடு போட ஆரம்பித்தார்கள். மெட்டு ஒன்றைச் சொல்லி, வார்த்தை வேறொன்றைச் சொன்னால் காது மெட்டைத்தான் நம்பும். நம் வீட்டுப் பெண்ணையோ பையனையோ ஒருவர் இப்படி ஓயாமல் தொடர்ந்தால் நாம் அதைக் காதல் என்று சொல்வோமா? பதின்வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல பாட்டு கிடைப்பது கஷ்டம்.

கேள்வி 7. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.' (1984) தேசபக்திப் பாடலா?

தலைப்பையும், முஷ்டியை உயர்த்தச் சொல்லும் பல்லவியையும் மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அந்த வருஷத் தேர்தல் பிரசாரத்தில் நியூ ஜெர்சியில் பேசிய அதிபர் ரீகன், அந்த மாநிலத்து மைந்தர் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்கள் நம்பிக்கையூட்டுவதாகப் புகழ்ந்தார்.

சரணங்களைக் கேட்டால் கதை வேறு. சிற்றூரில் பிறந்த ஓர் ஏழை இளைஞனை வியட்நாம் போருக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் வேலை இல்லை. அரசாங்க அலுவலகத்தில் ஆறுதலும் இல்லை. போன சகோதரன் வரவே இல்லை. 'இந்த நாட்டில்தானே பிறந்தேன்' என்ற பல்லவி பெருமிதத்தில் எழுந்ததல்ல. நியாயம் கேட்டு எழுந்தது. பல்லவியை மட்டும் கேட்டவருக்கு 3, சரணத்தையும் கேட்டவருக்கு 10.

இந்த ஸ்பிரிங்ஸ்டீனை நம் நாட்டிலேயே நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் நாற்பதாவது ஆண்டையொட்டி ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் நடத்திய உலகச் சுற்றுப்பயணம், 1988 செப்டம்பர் 30 அன்று தில்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்கு வந்தது. ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், செனகலின் யூசூ என்தூர் ஆகியோர் பாடினார்கள்.

கேள்வி 8. யூ2 குழுவின் 'பிரைட்' (1984) பாடலில் உள்ள சரித்திரப் பிழை எது?

அயர்லாந்தின் யூ2 குழு மார்ட்டின் லூதர் கிங்குக்கு அஞ்சலியாகப் பாடியது இது. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டது அதிகாலையில் என்பது போலப் பாடலில் வருகிறது. உண்மையில் மாலை 6 மணி கடந்து ஒரு நிமிஷம். லொரைன் என்ற விடுதியின் பால்கனியில் நின்றிருந்தார். பாடகர் போனோ பிழையை ஒப்புக்கொண்டு, பிற்காலக் கச்சேரிகளில் சில சமயம் மாலை என்று மாற்றிப் பாடியிருக்கிறார்.

நேரம் காலையா மாலையா என்பதைவிட, அவர் அந்த ஊருக்கு எதற்காகப் போயிருந்தார் என்பதே நாம் தெரிந்துகொள்ளவேண்டியது. மெம்ஃபிஸின் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போனார். இதைச் சொன்னவர்களுக்கு முழு மதிப்பெண்.

கேள்வி 9. லைவ் எய்ட் நிகழ்ச்சி எங்கே, எப்போது, எதற்காக நடந்தது? ஒரே நாளில் இரண்டு மேடைகளிலும் வாசித்தவர் யார்?

1985 ஜூலை 13. லண்டனின் வெம்ப்ளி அரங்கிலும், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜான் எஃப். கென்னடி அரங்கிலும் ஒரே நாளில் நடந்து, செயற்கைக்கோள்கள் வழியாக உலகெங்கும் ஒளிபரப்பானது. வெம்ப்ளியில் பாடிவிட்டு, கன்கார்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் ஃபிலடெல்ஃபியாவிலும் வாசித்தவர் நம் இரண்டாம் கேள்வியின் நாயகர் ஃபில் காலின்ஸ். குயின் குழுவுக்குக் கிடைத்த இருபது நிமிஷச் சொச்சம்தான் அன்றைய உச்சம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

காரணம், எத்தியோப்பியாவின் பஞ்சம். 1984 அக்டோபரில் பி.பி.சி. ஒளிபரப்பிய செய்திப்படத்தைப் பார்த்துக் கலங்கிய பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூருடன் சேர்ந்து முதலில் கிறிஸ்துமஸுக்கு நிதிதிரட்டும் பாடல் ஒன்றை வெளியிட்டார்; அடுத்த கோடையில் இந்தப் பெருங்கச்சேரி. மழை பொய்த்தது மட்டும் அந்தப் பஞ்சத்துக்குக் காரணமல்ல. உள்நாட்டுப் போரும் அன்றைய ராணுவ அரசின் போக்கும் சேர்ந்துதான் அத்தனை உயிர்களைக் குடித்தன. பாட்டுப் பாடிப் பணம் சேர்க்கலாம். பணம் போய்ச் சேரும் வழியில் துப்பாக்கிகள் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. "பஞ்சம்" என்றவருக்கு 3, "போரும் பஞ்சமும்" என்றவருக்கு மீதி.

கேள்வி 10. ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் குழு பாடிய 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' எண்பதுகளின் பாட்டா?

இதுதான் கிண்ணத்திலிருக்கும் பழுப்பு மிட்டாய். எண்பதுகளின் தொகுப்பு என்று யார் போட்டாலும் இந்தப் பாட்டும் உள்ளே வந்துவிடுகிறது. பெர்லின் சுவர் 1989 நவம்பர் 9 அன்று திறக்கப்பட்டதையொட்டி எழுதப்பட்டது என்றும் பலர் நினைக்கிறார்கள்.

இரண்டுமே சரியல்ல. பாட்டின் விதை விழுந்தது, 1989 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த சமாதான இசைவிழாவில். அப்போது சுவர் திறக்கப்படவில்லை. பனிப்போரின் எதிர்ப்பக்கத்து இளைஞர்களும் வீரர்களும் அதே ராக் இசைக்குத் தலையாட்டியதைப் பார்த்த பாடகர் கிளாஸ் மைனேக்கு அந்த எண்ணம் பிறந்தது. பாடல் இடம்பெற்ற ஆல்பம் வெளிவந்தது 1990-ல்; தனிப்பாடலாக வந்தது 1991-ல். கேட்டவர்கள் தங்கள் கண்ணால் கண்ட சரித்திரத்தோடு அதை ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். ஆக, எண்பதுகளில் கருவாகி, தொண்ணூறுகளில் பிறந்த பிள்ளை.

மதிப்பெண் கூட்டல்

30-க்குள் என்றால், பெயர்கள் தெரிந்திருக்கின்றன. கைபேசியோடு போட்டி போடலாம். 30 முதல் 60 வரை என்றால், மெட்டைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். 60-க்கு மேல் என்றால், அடுத்த வினாடி வினாவை நீங்களே நடத்தலாம். 90-க்கு மேல் வாங்கியவர்கள், காகிதத்தால் விடையை மறைத்தீர்களா என்பதை மட்டும் மனசாட்சியோடு சொல்லவும்!

அடுத்த முறை நம் குடும்பங்கள் கூடும்போது கேள்வி போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டை முழுதாக ஒருமுறை ஒலிக்கவிடுங்கள். பிறகு இரண்டு கேள்விகள் போதும்: இந்த ஓசையை எப்படிச் செய்தார்கள்? இந்தப் பாட்டில் பேசுகிறவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது? முதல் கேள்விக்குப் பேரப்பிள்ளைகள் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு, அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைப் படித்து வளர்ந்த நாம் சொல்லலாம். இரண்டு தலைமுறைக்கும் வேலை இருக்கும். அலமாரியின் நடு அடுக்கிலுள்ள இளையராஜாவுக்கும் இந்த இரண்டு கேள்விகள் பொருந்தும்.

வீட்டுப்பாடம் ஒன்றும் தருகிறேன். பில்லி ஜோயல் 1989-ல் பாடிய 'வீ டிட்ன்ட் ஸ்டார்ட் த ஃபயர்' என்ற பாட்டே ஒரு வினாத்தாள்தான். தாம் பிறந்த 1949-ம் ஆண்டு தொடங்கி நாற்பது வருஷச் சம்பவங்களையும் மனிதர்களையும் நூற்றுக்கும் மேலாக அடுக்கிக்கொண்டே போகிறார். குடும்பத்தில் ஆளுக்கு ஐந்து பெயராகப் பிரித்துக்கொண்டு, அவர்கள் யார், ஏன் பட்டியலில் வந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். பட்டியல் முடிய ஒரு மழைக்காலம் பிடிக்கும்.